பொம்மைத் துவக்கும் ஆகாயப் பிரயாணமும்

எசல பெரஹரா முடிவுற்று, யானைகளின் மணியோசையும் மேளவொலியும் ஓய்ந்து, கண்டி மாநகர் தன் வழமையான அமைதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த நாளொன்றில் நிகழ்ந்தது இது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பர் ஒருவர் குடும்பத்தோடு ஊர் திரும்ப ஆயத்தமானார். அவர்களை வழியனுப்புவதற்கு நாமும் அதே வானில் ஏறிக்கொண்டோம். நண்பரின் தந்தையாரும் உடன் வந்தார். தெல்தோட்டைப் பக்கத்தில் சிறு காணியொன்றில் மரக்கறிப் பயிர் செய்பவர் அவர். எழுபது வயதைக் கடந்தவர்.

பேரனுக்கு வயது ஏழு. பெரஹரா பார்க்க வந்த சனத்திரளுக்கிடையே வாவிக்கரைக் கடையொன்றில் தாத்தா வாங்கிக் கொடுத்த பொம்மைத் துவக்கு ஒன்றை அவன் கண்டியிலிருந்து விமான நிலையம் வரையும் மடியிலிருந்து இறக்கவில்லை. கறுப்பு நிறத்தில், பார்வைக்கு அசலைப் போன்றே செய்யப்பட்ட கைத்துவக்கு அது. விசையை அழுத்தினால் ‘டிக்’ என்று ஓர் ஓசை எழும்; அவ்வளவே. முன்வாயிலில் பைகளைச் சோதிக்கும் இடம் நெருங்கியதும், தாயார் அதை வாங்கி அவனுடைய சிறு பைக்குள் வைத்தார்.

பை எக்ஸ்-கதிர்ப் பொறிக்குள் சென்றது, பொறியும் நின்றது. சீருடை அணிந்த உத்தியோகத்தர் ஒருவர் பையைத் திறந்து, துவக்கை எடுத்து, இரு புறமும் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கடுமை இல்லை. “தம்பி, இதைக் கையோடு கொண்டு போக முடியாது” என்று தமக்குத் தெரிந்த தமிழிலேயே சொன்னார். பெரிய பெட்டிகளில் வைக்கலாமென்றால், அவையோ மிளகாய்த் தூளும் கருவாடும் பலகாரமும் நிறைந்து, கயிற்றால் வரிந்து கட்டப்பட்டிருந்தன. நிறையும் அநுமதித்த எல்லையைத் தொட்டிருந்தது. வழியனுப்ப வந்தோரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதே நலம் என்றார் உத்தியோகத்தர்.

“தாத்தா, இது சுடாதே! வெறும் பொம்மைதானே?” என்று சிறுவன் கண்ணீர் மல்கக் கேட்டான். பெரியவர் ஒன்றும் பேசாமல் துவக்கை வாங்கித் தமது சால்வையில் சுற்றிக்கொண்டார். “அடுத்த பெரஹராவுக்கு நீ வரும்வரை இது என்னிடம் பத்திரமாக இருக்கும், ராசா” என்று அவன் தலையைத் தடவி அனுப்பிவைத்தார்.

திரும்பும் வழியில் வரக்காப்பொலையில் தேநீர் அருந்த இறங்கினோம். அதுவரை மௌனமாயிருந்த பெரியவர் மெல்லப் பேச்சைத் தொடங்கினார்.

“ஐயா, என் வீட்டில் இருப்பது அசல் துவக்கு. ஆண்டுதோறும் கச்சேரிக்குப் போய் அநுமதிப் பத்திரத்தைப் புதுப்பித்து வருகிறேன். அதை விமானத்தில் ஏற்றுவதென்றால் என்ன செய்வார்கள்?”

“உரிய பத்திரங்களும் விமானக் கம்பனியின் சம்மதமும் இருந்தால் ஏற்றலாம்” என்றோம்.

பெரியவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எம்மை வியப்போடு நோக்கினார். “அசல் போகலாம், பொம்மை போகக் கூடாதா? இது என்ன நியாயம்?”

எம்மிடம் உடனே சொல்லத்தக்க விடை இருக்கவில்லை. அதனைத் தேடியறிந்ததன் பயனே இக்கட்டுரை.

கண்டிக்குத் துவக்கு புதியதன்று

தமிழகத்தார் துப்பாக்கி என்பதை ஈழத்தவராகிய நாம் துவக்கு என்கிறோம். சிங்கள மக்களும் ஏறத்தாழ அவ்வாறே சொல்கின்றனர். துருக்கிய மொழிச் சொல் ஒன்றே கடல் கடந்து வந்து இவ்வாறு உருமாறியது என்பர். சொல்லைப் போலவே பொருளும் இம்மலைநாட்டில் வேரூன்றிவிட்டது. கண்டி மன்னர் காலத்துக் கம்மாளர் செய்த துவக்குகள் வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றவை. தலதா மாளிகையிலிருந்து பெரஹரா புறப்படும் வேளையை ஊருக்கு அறிவிப்பதும் ஒரு வெடியோசையே.

இவ்வூரின் ஆயுதங்களுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்றினைப் பற்றி இங்கு கூறுதல் பொருந்தும். லெவ்கே திசாவை என்னும் பிரதானி 1740களின் நடுப்பகுதியில் கண்டி மன்னருக்குக் காணிக்கையாக அளித்த சிறு பீரங்கியே அது. அப்போது அரியணையில் இருந்தவர் நாயக்க வமிசத்தின் முதல் மன்னரான ஸ்ரீ விஜய ராஜசிங்கன். வெண்கலத்தாலான அப்பீரங்கி பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும் பதிக்கப்பெற்றது. போர்க்களத்தில் வெடிப்பதற்காக அன்றி, அரசவையில் கண்டோர் வியக்கும்பொருட்டே அது படைக்கப்பட்டது என்பதை அதன் தோற்றமே சொல்லும். 1765ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கண்டி மீது படையெடுத்து அரண்மனையைச் சூறையாடியபோது அப்பீரங்கியையும் எடுத்துச் சென்றனர். பின்னர் நெடுங்காலம் அது அம்ஸ்ரர்டாம் நகரின் ரெய்க்ஸ் அரும்பொருட்சாலையில் இருந்தது. நெதர்லாந்து அரசு 2023ஆம் ஆண்டு உடன்படிக்கை செய்து அதனை இலங்கைக்கு மீள அளித்தது. பொன் வாளும் வெள்ளி வாளும் கத்தியும் பெருந்துவக்குகள் இரண்டும் அதனோடு திரும்பி வந்தன. அவ்வாண்டு டிசெம்பர் மாதத்தில் அவை கொழும்பு தேசிய அரும்பொருட்சாலையில் கையளிக்கப்பட்டன.

கொள்ளைப் பொருளாக நாட்டைவிட்டுப் போன பீரங்கி, இரு அரசுகளின் கையொப்பத்தோடு வீடு திரும்பியிருக்கின்றது. ஆயுதமொன்று எல்லை கடக்கும்போது அதன் பின்னே பொறுப்பாளி ஒருவர் நிற்கிறாரா என்பதே இக்காலச் சட்டங்கள் யாவும் கேட்கும் முதற் கேள்வி. பெரியவரின் துவக்குக்கும் அக்கேள்வியே பொருந்தும்.

தெல்தோட்டைத் துவக்கு

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை ஒழுங்குபடுத்தும் மூலச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டமாகும். அநுமதிப் பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். பத்திரம் ஆண்டோடு காலாவதியாவதால், ஒவ்வோர் ஆண்டும் அதனைப் புதுப்பித்தல் வேண்டும். 1996ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கிற்று.

மலைச்சாரலில் பயிர் செய்வோருக்குத் துவக்கு ஆடம்பரப் பொருளன்று. இரவில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று இறங்கினால் மரவள்ளியும் வற்றாளையும் விடிவதற்குள் வேரோடு போய்விடும். ஆறு மாத உழைப்பு ஓரிரவில் அழியும். ஆயினும், “என் துவக்கால் நான் கொன்ற பன்றி எத்தனை என்று கேட்டால், விரல்களே போதும் ஐயா” என்றார் பெரியவர். “வானத்தை நோக்கி ஒரு வெடி. மலை முழுவதும் எதிரொலிக்கும். பன்றி ஓடிவிடும். துவக்கின் வேலை சுடுவதல்ல, ஐயா; பயமுறுத்துவது.”

இவ்வார்த்தை எமது மனத்தில் பதிந்துவிட்டது. அவர் கேட்ட கேள்விக்குரிய விடை அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது என்பதை அப்போது நாம் உணரவில்லை.

அசல் துவக்குக்கு உள்ள வழி

முதலில் அசல் துவக்கு எவ்வாறு விமானம் ஏறுகின்றது என்பதைப் பார்ப்போம். குறிபார்த்துச் சுடும் விளையாட்டு வீரர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். 2021ஆம் ஆண்டு நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் இலங்கையின் தெஹானி எகொடவெல 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியிற் கலந்துகொண்டார். இத்தகைய வீரர்கள் தத்தம் துவக்குகளோடுதான் நாடு விட்டு நாடு செல்ல வேண்டியவர்களாயிருக்கின்றனர். அவர்கள் அதனை ஒளித்துக் கொண்டுசெல்வதில்லை. பிரயாணத்துக்குப் பல நாட்கள் முன்னரே விமானக் கம்பனிக்கு எழுதிச் சம்மதம் பெறுகின்றனர். புறப்படும் நாடு, சென்று சேரும் நாடு, இடையில் விமானம் மாறினால் அந்நாடு ஆகிய யாவற்றின் அநுமதியும் வேண்டும். இலங்கைக்குள் துவக்கொன்றைக் கொண்டுவரவேண்டின் பாதுகாப்பு அமைச்சின் அநுமதி முன்கூட்டியே பெறப்படல் வேண்டும். இறங்கியதும் சுங்கப் பகுதியினரிடம் தாமாகவே வெளிப்படுத்தல் வேண்டும்.

விமான நிலையத்தில் துவக்கு குண்டற்றதாக இருக்கின்றதா என்று தகுதி வாய்ந்த ஒருவர் சோதிப்பார். அது பூட்டிய வன்பெட்டியில் வைக்கப்பட்டு, விமானத்தின் அடிவயிற்றிலுள்ள சாமான் அறைக்குச் செல்லும். பறக்கும் வேளையில் எவரும் அதனை அணுக முடியாத இடத்தில் வைத்தல் வேண்டும் என்பதே சர்வதேச விதி. ஓர் ஊரில் ஒப்படைக்கப்பட்ட துவக்கை மறு ஊரில் இறங்கிய பின்னரே உரியவர் மீண்டும் காண்பார்.

தோட்டாக்களுக்குத் தனி விதி உண்டு. அவை துவக்கிலிருந்து பிரித்து, உறுதியான பெட்டியில் அடைக்கப்படல் வேண்டும். ஒருவர் தமது சொந்தப் பாவனைக்காகக் கொண்டுசெல்லும் தோட்டாக்களின் மொத்த நிறை 5 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. இருவர் சேர்ந்து பிரயாணம் செய்தாலும் இரு பங்கையும் ஒரே பொதியாகக் கட்ட முடியாது. வெடிக்கும் குண்டு, தீப்பற்றும் குண்டு ஆகியவை அறவே விலக்கப்பட்டவை.

விமானத்தின் உள்ளே, பிரயாணிகள் அமர்ந்திருக்கும் கூடத்தில் ஆயுதத்துக்கு இடமேயில்லையா என்று கேட்கலாம். அரசாங்கத்தின் விசேட அதிகாரம் பெற்ற காவலர் சிலருக்கு மட்டும் சில நாடுகளில் அவ்விடம் உண்டு. ஆயினும் அதற்குச் சம்பந்தப்பட்ட நாடுகள் இணங்க வேண்டும். ஆயுதம் தாங்கியோர் எத்தனை பேர், எந்த ஆசனத்தில் இருக்கின்றனர் என்பது விமானத் தலைவருக்கு அறிவிக்கப்படவும் வேண்டும்.

பொம்மைக்கு ஏன் இத்தடை?

இனி, சிறுவனின் கண்ணீருக்குக் காரணமான கேள்விக்கு வருவோம்.

ஒரு காலத்தில் ஆகாய விமானத்தில் ஏறுவது பஸ்ஸில் ஏறுவதைப் போன்றே இருந்தது. பைகளைத் திறந்து பார்க்கும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. 1960களின் பிற்பகுதியில் விமானக் கடத்தல்கள் பெருகின. 1969ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் எண்பதுக்கு மேற்பட்ட கடத்தல் முயற்சிகள் நடைபெற்றன. அமெரிக்காவில் எல்லாப் பிரயாணிகளையும் சோதிக்கும் முறை 1973ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் பாதுகாப்புக்கென்றே தனி விதித் தொகுதி ஒன்றினை ஏற்றுக்கொண்டது. இன்று உலகெங்கும் நாம் காணும் சோதனைகளுக்கு அதுவே ஆதாரம்.

அக்காலத்து நிகழ்ச்சிகளுள் ஒன்று இலங்கையரும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1971 ஜனவரி 30ஆம் திகதி, சிறீநகரிலிருந்து ஜம்முவுக்குப் பறந்துகொண்டிருந்த ‘கங்கா’ என்னும் இந்திய விமானத்தை இளைஞர் இருவர் கடத்தி, பாகிஸ்தானின் லாகூருக்குக் கொண்டுசென்றனர். அவர்கள் கையில் இருந்தவை போலிக் கைத்துவக்கு ஒன்றும் போலிக் கைக்குண்டு ஒன்றுமே. பிரயாணிகள் விடுவிக்கப்பட்டனர், விமானம் எரிக்கப்பட்டது. சில தினங்களில் இந்தியா தனது ஆகாயப் பரப்பின் மீது பாகிஸ்தான் விமானங்கள் பறப்பதைத் தடை செய்தது. அன்று பாகிஸ்தான், இந்தியாவுக்கு மேற்கிலும் கிழக்கிலுமாக இரு கூறாய் இருந்த நாடு. ஒரு கூறிலிருந்து மறு கூறுக்குச் செல்ல அதன் விமானங்கள் தெற்கே இந்தியாவைச் சுற்றிப் பறந்து, கட்டுநாயக்காவில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் செல்ல வேண்டியதாயிற்று. சுட இயலாத துவக்கொன்று ஓர் உபகண்டத்தின் ஆகாய வழிகளையே மாற்றிவிட்டது!

மற்றொரு நிகழ்ச்சி நம் நாட்டவர் ஒருவரைப் பற்றியது. 1982 ஜூன் 30ஆம் திகதி, டில்லியிலிருந்து பாங்கொக் நோக்கிச் சென்ற இத்தாலிய விமானமொன்றைச் சேபால ஏக்கநாயக்க என்பவர் தனியொருவராகவே கடத்தினார். பிரிந்திருந்த மனைவியும் பிள்ளையும் தம்மிடம் சேர்க்கப்படல் வேண்டும், 3 இலட்சம் டொலர் தரப்படல் வேண்டும் என்பன அவருடைய கோரிக்கைகள். வெடிபொருள் இருக்கின்றது என்று சொன்ன சொல்லே அவருடைய ஆயுதம். கேட்டவை கிடைத்தன. அவர் இலங்கைக்கு வந்திறங்கியபோது அவரை வீரராகக் கொண்டாடியோரும் உண்டு. விமானக் கடத்தலைத் தண்டிக்க அன்று நம் நாட்டில் தனிச் சட்டம் இருக்கவில்லை. பாராளுமன்றம் விரைந்து 1982ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றி, நடந்துவிட்ட அக்குற்றத்துக்கும் அது பொருந்துமாறு செய்தது. அவர் சிறை சென்றார்.

ஒருவரிடம் இருந்தது போலித் துவக்கு. மற்றவரிடம் இருந்தது வெறும் சொல். ஆயினும் இரு விமானங்களும் கடத்தியவர்கள் நினைத்த இடத்துக்கே சென்றன. தரையில் ஒருவர் போலித் துவக்கை நீட்டினால் நாம் ஓடலாம், கதவைச் சாத்தலாம், அயலவரை அழைக்கலாம். முப்பதாயிரம் அடி உயரத்தில் ஓடுவதற்கு இடமில்லை. அது அசலா போலியா என்று சோதித்துப் பார்க்கவும் எவருக்கும் துணிவு வராது. நூற்றுக்கணக்கான உயிர்களைப் பணயமாக வைத்துச் செய்யும் சோதனை அது. ஆகவே, விமானத்தினுள்ளே போலிக்கும் அசலுக்கும் வேறுபாடில்லை. துவக்கின் வேலை பயமுறுத்துவது என்று தெல்தோட்டைப் பெரியவர் சொன்னது எவ்வளவு உண்மை! அடியறையில் பூட்டிக் கிடக்கும் அசல் துவக்கு எவரையும் பயமுறுத்தாது. ஆசனத்தில் இருப்பவன் கையிலுள்ள பொம்மையோ எல்லோரையும் பயமுறுத்தும். அசலுக்கு வழியிருக்க, பொம்மைக்கு வழியில்லாதுபோன காரணம் இதுவே.

சோதனையை மக்கள் எவ்வாறு கொள்கின்றனர்?

விதிகள் எவ்வளவு நியாயமாயினும், சோதிக்கப்படுபவரின் உள்ளம் வேறு. கண்டி மக்களுக்குச் சோதனை புதியதன்று. 1998 ஜனவரி 25ஆம் திகதி தமிழீழ விடுதலைப் புலிகள் தலதா மாளிகையின் வாயிலில் லொறிக் குண்டொன்றை வெடிக்கச் செய்தனர். உயிர்கள் பலியாயின, புனித மாளிகை சேதமுற்றது. பின்னர் அம்மாளிகைக்குப் பூவோடு செல்லும் பக்தரும் பையைத் திறந்து காட்டியே உட்செல்லும் நிலை வந்தது.

ஆகாய மார்க்கத்திலும் நமது நாடு பட்ட துன்பம் சிறிதன்று. 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி இரத்மலானையில் எயர் சிலோன் விமானமொன்று குண்டால் அழிக்கப்பட்டது. பிரயாணிகள் இறங்கிவிட்டதால் உயிர்கள் தப்பின. 1984 ஓகஸ்டில் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டியில் மறைத்து வைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்து அப்பாவிகள் பலர் மாண்டனர். 1986 மே 3ஆம் திகதி கட்டுநாயக்காவில், மாலைதீவுக்குப் புறப்படவிருந்த எயர் லங்கா விமானம் குண்டு வெடித்து இரு துண்டாயிற்று. 21 பேர் மாண்டனர். இவற்றை அறிந்தவர்கள் விமான நிலையச் சோதனையை வீண் தொல்லையென்று சொல்லத் துணியார்.

ஆயினும் இதற்கு மறுபுறமும் உண்டு. யுத்த காலத்தில் வீதித் தடைகளில் இறக்கப்பட்டு, அடையாள அட்டையிலுள்ள பெயரின் காரணமாகவே நெடுநேரம் நிறுத்திவைக்கப்பட்ட தமிழர் எத்தனையோ பேர். பெரியவரும் அவர்களுள் ஒருவர். “பேரனுடைய பையைத் திறந்தபோது என் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது, ஐயா. பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. பஸ்ஸில் ஐம்பது பேர் இருப்பார்கள், இறங்கச் சொல்வது எங்களை மட்டும்தான்” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனால் இன்று பார்த்தேன். எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரருடைய பையையும் திறந்தார்கள். பின்னால் வந்த பிக்குவின் பையும் அதே பொறிக்குள்தான் போயிற்று. அதைப் பார்த்த பிறகு மனம் ஆறிவிட்டது” என்று தொடர்ந்தார்.

சோதனையின் நியாயம் முழுவதும் இதனில் அடங்கியிருக்கின்றது என்பது எமது எண்ணம். எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கும் சோதனை எவரையும் அவமதிப்பதில்லை. சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் சோதனையோ, பாதுகாப்பைத் தருவதற்கு முன்னே மனக்கசப்பைத் தந்துவிடுகின்றது. பொறிக்குப் பெயரும் தெரியாது, மொழியும் தெரியாது. அதனருகே நிற்கும் மனிதரும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

துவக்கு மலிந்த நாடுகளில் மக்களின் மனப்போக்கு முற்றிலும் வேறு. அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டில் மட்டும் விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,737 துவக்குகள் பிரயாணிகளின் கைப்பைகளிலிருந்து பிடிபட்டன. அவற்றுள் நூற்றுக்கு 93 குண்டேற்றப்பட்டவை! பூட்டிய வன்பெட்டியில் வைத்து, முன்னரே வெளிப்படுத்தி, அடியறையில் அனுப்புவதற்கு அந்நாட்டுச் சட்டம் இடம் தருகின்றது. இருந்தும், பையில் துவக்கு இருந்ததை மறந்துவிட்டோம் என்பதே பிடிபட்டோர் பலரும் சொல்லும் சமாதானம். நம் பெரியவர் இதைக் கேட்டு வாயடைத்துப்போனார். “துவக்கை மறப்பதா? என் துவக்கை எங்கே வைத்தேன், தோட்டாவை எங்கே வைத்தேன் என்று இரவில் எழுந்து பார்க்கிறவன் நான்” என்றார். துவக்கு அருமையாக உள்ள இடத்தில் அதனைப் பற்றிய அச்சமும் மரியாதையும் நிலைத்திருக்கின்றன போலும்.

பிரயாணிகளுக்கு ஒரு வார்த்தை

வெளிநாடு செல்லும் குடும்பத்தினர் சில விஷயங்களைப் புறப்படுமுன் வீட்டிலேயே கவனித்துக்கொண்டால் வாயிலில் கண்ணீர் சிந்த வேண்டியிராது.

குழந்தைகளின் பொம்மைத் துவக்கு, பார்வைக்கு அசல் போன்றிருப்பின், கைப்பையில் வைக்கலாகாது. பெரிய பெட்டியில் வைப்பதாயினும் செல்லும் நாட்டின் சட்டத்தைக் கேட்டறிதல் நன்று. அசல் போலத் தோன்றும் போலித் துவக்குகளை நாட்டுக்குள் கொண்டுவருவதையே தடுக்கும் நாடுகள் உண்டு; கனடாவும் அவற்றுள் ஒன்று. பொம்மையோடு விற்கப்படும் பொட்டு வெடி, காகிதத்தில் புள்ளி புள்ளியாக மருந்து ஒட்டியது, கைப்பையிலும் பெட்டியிலும் அறவே கூடாது. தீபாவளிக்கு வாங்கும் சீனவெடிக்கும் மத்தாப்புக்கும் இதே விதி. அசல் தோட்டாவுக்கேனும் அநுமதி பெற ஒரு வழியுண்டு. இவற்றுக்கு அதுவும் இல்லை. வெற்றுத் தோட்டாவால் செய்த சாவிக்கொத்து, குண்டு வடிவப் பதக்கம் போன்ற அலங்காரப் பொருள்களும் பொறியை நிறுத்திவிடக் கூடியவை.

கண்டியில் பழம்பொருள் வாங்குவோர் மேலும் ஒன்றை அறிதல் வேண்டும். மன்னர் காலத்துத் துவக்கு என்று சொல்லி எவரேனும் எதையேனும் விற்பின், அது உண்மையில் பழமையானதாயின், தொல்பொருள் திணைக்களத்தின் அநுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுசெல்ல முடியாது. இதற்குரிய கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டினது. அது இயற்றப்பட்டபோது பழமைக்கு எல்லையாக வகுக்கப்பட்ட நாள் 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய உடன்படிக்கை கைச்சாத்தான அதே நாள்!

எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனைச் சாவடியில் துவக்கையோ குண்டையோ பற்றி வேடிக்கையாகவும் பேசலாகாது. சொல்லே ஆயுதமாகக்கூடும் என்பதற்கு 1982ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்று பகரும்.

இவையெல்லாம் சிறுவருக்கு விளங்குமா என்று கேட்பீர்கள். விளங்கும் என்றே நாம் நம்புகிறோம். “உன் துவக்கு சுடாது என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். விமானத்தில் உன் பக்கத்தில் இருக்கும் அந்த அம்மாவுக்குத் தெரியாதே! அவர் பயப்படலாமா?” என்று கேட்டால், ஏழு வயதுப் பிள்ளையும் யோசிக்கும். தான் அறிந்த உண்மையைப் பிறரும் அறிவார் என்று கொள்ளாமல், பிறருடைய அச்சத்தையும் எண்ணிப் பார்ப்பதல்லவா நல்லொழுக்கத்தின் தொடக்கம்?

கடுகண்ணாவை மலையேற்றத்தில் வான் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மலைகளின் மீது மாலை வெயில் படிந்திருந்தது. பெரியவர் சால்வையை விரித்து, பொம்மைத் துவக்கை எடுத்து, விசையை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ‘டிக்’ என்றது. தமக்குள்ளே சிரித்துக்கொண்டார்.

இரு வாரங்களின் பின் அவரை மீண்டும் கண்டோம். அசல் துவக்கு பூட்டிய அலுமாரியில் இருந்தது. அதன் பத்திரம் இரும்புப் பெட்டியில் இருந்தது. பொம்மைத் துவக்கோ முன்கூடத்துச் சுவரில், பேரனின் படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்கியது. “நேற்றுத் தொலைபேசியில் பேசினான், ஐயா” என்றார். “பக்கத்து ஆசனத்து அம்மாவைப் பற்றி நீங்கள் சொன்னதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, ‘தாத்தா, அடுத்த முறை யானை பொம்மை வாங்குவோம்’ என்றான்.”